விழிஞத்து அலைமின் நிலையமும் நம் அறிவியல் தமிழும்

தமிழில் அறிவியல் எழுதப்பட வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், எழுதப்பட்டது எத்தகையது என்று நிறுத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. மரபுக் கவிதையில் ஒரு தளை தட்டினால் பத்துப் பேர் எடுத்துக் காட்டுவர். ஒரு சிறுகதையின் முடிவு பொருந்தவில்லையாயின், இலக்கிய வட்டத்தில் மாலைப் பொழுது முழுவதும் வாதம் நடக்கும். அறிவியல் கட்டுரையோ தமிழில் வந்ததொன்றே போதும் என்னும் நிறைவில் வாழ்த்துப் பெற்றுப் போய்விடுகிறது. இக்குறையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய முற்படுகிறேன். பொருள், கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சி. திறனாய்வுக்கு எடுத்துக்கொண்ட எழுத்து பிறருடையது அன்று. நானே எழுதி, நானே பல்லாண்டுகள் வகுப்பில் வைத்த ஒரு வாசிப்புப் பகுதியே அது.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், 1991ஆம் ஆண்டில், கேரளக் கடற்கரையிலுள்ள விழிஞத்தில் கடல் அலையால் இயங்கும் மின்நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அதனை உருவாக்கினர் என்ற செய்தியை ஒரு நாளிதழில் கண்டு, கத்தரித்து வைத்துக்கொண்டேன். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு வந்த பின்னர், அந்த நறுக்கைக் கொண்டு பன்னிரண்டு வரியில் ஒரு வாசிப்புப் பகுதி எழுதினேன். கருத்துணர் வினாக்கள் ஐந்தும் சேர்த்தேன். ஆண்டுதோறும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் அதனைப் படித்தார்கள், விடை எழுதினார்கள், நானும் சிவப்பு மையால் சரியெனக் குறியிட்டேன்.

சென்ற ஆண்டு, தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்து, “ஐயா, அந்த மின்சாரம் இப்போது எத்தனை வீட்டுக்குப் போகிறது?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. மறுநாள் சொல்கிறேன் என்று கூறி, அன்றிரவு தேடிப் பார்த்தேன். விழிஞத்து நிலையம் 2011ஆம் ஆண்டிலேயே செயல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பிறகும் பத்தாண்டுக்கு மேலாக, “அந்நிலையம் சிறப்புற இயங்கி வருகிறது” என்று நான் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்திருக்கிறேன். பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தபோது பிழை அந்த ஒரு வரியோடு நிற்கவில்லை எனக் கண்டேன். அதில் மூன்று வாக்கியங்கள் மூன்று வகைப் பிழைகளைக் கொண்டிருந்தன. அம்மூன்றும் என் ஒருவனுக்கே உரியவை என்று கூறி ஒதுங்கிவிடவும் மனம் வரவில்லை. நம் ஏடுகளில் இப்பொருள் பற்றி வரும் எழுத்துகளிலும் இவற்றை அடிக்கடி காண்கிறோம்.

அலை வேறு, ஓதம் வேறு

முதற் பிழை சொல்லில் உள்ளது. “நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் அலைகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம்” என்று எழுதியிருந்தேன். நிலவின் ஈர்ப்பும் கதிரவன் ஈர்ப்பும் சேர்ந்து எழுப்புவது ஓதம். அதாவது, பெரும்பாலான கரைகளில் நாளில் இருமுறை கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். நாம் கரையில் நின்று காணும் அலையை எழுப்புவது காற்று. பரந்த கடற்பரப்பில் நெடுந்தொலைவு வீசும் காற்று தன் ஆற்றலை நீருக்கு ஈகிறது. அது அலையாய்ப் பயணம் செய்து கரையை அடைகிறது. இரண்டும் மூலத்தால் வேறு, காலத்தால் வேறு, எடுக்கும் வழியாலும் வேறு. பிரான்சு நாட்டில் ரான்சு ஆற்று முகத்தில் 1966இல் தொடங்கிய 240 மெகாவாட் நிலையம் ஓத மின்நிலையம். அஃது இன்றளவும் பயன்படுகிறது. அதனை அலைமின் நிலையம் என்று எழுதிவிட்டால், அலைமின் ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வெற்றி பெற்றுவிட்டதாகப் படிப்போர் மயங்குவர்.

இம்மயக்கம் எழுத்தில் மட்டும் இல்லை. ஒருமுறை எம் பள்ளிப் பிள்ளைகளைப் பேராக் மாநிலத்துத் தெலுக் பாத்திக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். காலையில் முழங்கால் வரை இருந்த நீர் பிற்பகலில் வெகுதூரம் விலகி, மணற்பரப்பு வெளிப்பட்டது. “ஐயா, அலை போய்விட்டது!” என்றான் ஒரு சிறுவன். அவனே மலாய் மொழி வகுப்பில் அலையை ஓம்பாக் என்றும், கடல் ஏறி வற்றுவதைப் பாசாங் சூருட் என்றும், நீரோட்டத்தை ஆருஸ் என்றும் பிழையின்றி எழுதுவான். தமிழில் மூன்றுக்கும் சேர்த்து அவனிடம் ‘அலை’ என்னும் ஒரே சொல்தான் இருந்தது.

தமிழுக்குச் சொற்பஞ்சம் என்று இதற்குக் காரணம் கூற இயலாது. அலைவது அலை. திரைவது திரை, முதியோர் தோலில் விழும் மடிப்பையும் திரை என்கிறோமல்லவா? கடலின் ஏற்றமும் வற்றமும் ஓதம். மலைநாட்டில் லயத்துச் சுவரில் ஈரம் ஏறினால், “ஓதம் ஏறிவிட்டது” என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். நீர் மெல்ல மேலேறும் பொருள் அங்கும் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் வற்றுப்பெருக்கு என்னும் சொல்லை ஆள்கின்றன. தமிழகக் கடற்கரை மீனவர் நீரோட்டத்தை நீவாடு என்பர். இத்தனை சொற்களும் இருக்க, ஒன்றையே எல்லாவற்றுக்கும் ஆளும் பழக்கத்தால் பொருள் குழம்புகிறது. சொல் தெளிவாக இல்லாதவிடத்து அறிவியல் தெளிவாக இருத்தல் அரிது. இதனைத் திருத்தும் பொறுப்பு முதலில் மொழியாசிரியர்களாகிய நம்முடையது.

150 கிலோவாட் என்பது எது?

இரண்டாம் பிழை எண்ணில் உள்ளது. “இந்நிலையம் 150 கிலோவாட் மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது” என்பது என் வாக்கியம். 150 கிலோவாட் என்பது மின்னாக்கியின் கொள்திறன். அது தரக்கூடிய உச்ச அளவு. நாள்தோறும் கிடைத்த அளவன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரியாக 75 கிலோவாட்டும், திசம்பர் முதல் மார்ச்சு வரை 25 கிலோவாட்டும் கிடைக்கும் என்பதே அதனை அமைத்தோரின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பே பாதியும் ஆறிலொரு பங்கும் என்றிருக்க, உச்ச அளவை அன்றாட அளவாக எழுதியது, ஒரு குடத்தின் கொள்ளளவைக் காட்டி ஊருணியில் அவ்வளவு நீர் ஊறுகிறது என்று கூறியதை ஒக்கும்.

இவ்வெண் எவ்வளவு சிறியது என்பதை உணர எம் மலையை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரிங்லெட் ஏரி நீரைக் கொண்டு இயங்கும் ஜோர் நீர்மின் நிலையத்தின் கொள்திறன் 100 மெகாவாட். அதாவது 1,00,000 கிலோவாட். விழிஞத்தைப் போன்ற நிலையங்கள் ஏறத்தாழ 667 சேர்ந்தால்தான் உச்சத்திலும் அதற்கு ஈடாகும். இந்த ஒப்பீட்டை வகுப்பில் வைத்திருந்தால், “எதிர்காலத்தில் உலகின் மின்தேவை முழுவதையும் அலைகளே நிறைவு செய்யும்” என்று பகுதியை முடித்திருக்க எனக்குக் கை எழுந்திராது.

சொல்லாமல் விட்ட வரலாறு

மூன்றாம் பிழையே பெரியது. “இயங்கி வருகிறது” என்னும் தொடரில் ஓர் ஆராய்ச்சியின் இருபது ஆண்டு வரலாறு மறைந்துபோயிற்று. அதனை இங்கே சுருக்கமாகவேனும் எடுத்துரைப்பது கடமையாகும்.

1973ஆம் ஆண்டில் எழுந்த எண்ணெய் நெருக்கடி, உலக நாடுகளை வேறு ஆற்றல்களை நாடச் செய்தது. அலையை வசப்படுத்தும் எண்ணம் அதற்கு மிகப் பழையது. பாரிசு நகரில் ஜிரார் என்னும் தந்தையும் மகனும் 1799இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றனர். ஜப்பானியரான யோஷியோ மசூதா, கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவை விளக்குகளை அலையால் எரியச் செய்தார். 1960களில் அவை விற்பனைக்கும் வந்தன. எடின்பரோ பல்கலைக்கழகத்து ஸ்டீபன் சால்ட்டர் 1974இல் ‘வாத்து’ எனப் பெயர் பெற்ற பொறியின் ஆய்வை வெளியிட்ட பின்னரே, உலகப் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் முனைந்து இறங்கின. இந்தியாவில் 1981இல் கடல்வளத்துக்கெனத் தனித்துறை அமைந்தது. அதன் ஆதரவில், சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் வி. எஸ். ராஜு, எம். ரவீந்திரன் முதலிய பேராசிரியர்கள் 1980களின் தொடக்கத்தில் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினர்.

அவர்கள் தேர்ந்தெடுத்த முறைக்கு ஊசலாடும் நீர்த்தம்பம் என்று பெயர். அடிப்பக்கம் திறந்த ஓர் அறையைக் கடலில் நிறுத்துகிறார்கள். அலை நுழையும்போது அறையினுள் நீர் உயர்ந்து, மேலுள்ள காற்றை ஒரு துளைவழியே வெளியே தள்ளுகிறது. அலை விலகும்போது நீர் தாழ்ந்து, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கொல்லன் துருத்தியைப் போலக் காற்று போவதும் வருவதுமாக இருக்கும். அடியை வெட்டிய நெகிழிப் புட்டியைத் தொட்டி நீரில் நிமிர்த்திப் பிடித்து, மேலும் கீழும் அசைத்து, அதன் வாயில் விரலை வைத்துப் பார்த்தால் இக்காற்றை எந்த மாணவனும் உணர்வான். துளையில் ஒரு சுழலியை வைத்துவிட்டால் மின்னாக்கியைச் சுழற்றலாம். காற்று இருதிசையிலும் வீசினால் சுழலியும் திசை மாறிச் சுழலுமே என்னும் ஐயத்துக்கு, பெல்பாஸ்டு நகர்ப் பல்கலைக்கழகத்து ஆலன் வெல்ஸ் 1970களில் விடை கண்டார். அவர் அமைத்த சுழலி, காற்று எப்பக்கம் வீசினும் ஒரே திசையில் சுழலும். விழிஞத்தில் முதலில் பொருத்தப்பட்டது வெல்ஸ் சுழலியே.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை அடுத்து, ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில், சுமார் 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் பேழை ஒன்றை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து அமிழ்த்தினார்கள். 1991இல் மின்சாரம் பிறந்தது. வளரும் நாடொன்றில் இத்தகைய முயற்சி அக்காலத்தில் அரிது. அதனைப் பாராட்டியதில் அன்றைய செய்தியாளர் தவறவில்லை.

இடர்கள் அதன் பின்னரே தெரியவந்தன. அவற்றைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். அலையின் உயரம் இருமடங்கானால் அதன் திறன் நான்கு மடங்காகும். அலைக்கும் அலைக்கும் இடைப்பட்ட நேரம் நீண்டால் திறன் இன்னும் கூடும். ஒரு மீட்டர் உயர அலை ஆறு நொடிக்கு ஒருமுறை வந்தால், ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 3 கிலோவாட் திறன் இருக்கும். இரண்டு மீட்டர் அலை எட்டு நொடிக்கு ஒன்றாக வந்தால் அது 16 ஆகும். ஆறு மீட்டர்ப் புயலலை பன்னிரண்டு நொடிக்கு ஒன்றாக வந்தால் 200க்கு மேலாகும். ஆதலால், பொறியாளர் 3 கிலோவாட்டிலும் சுழலும் அளவுக்கு நுட்பமாகவும், 200 கிலோவாட்டிலும் உடையாத அளவுக்கு வலிமையாகவும் ஒரே பொறியைச் செய்தாக வேண்டும். செலவு புயலுக்காக, வருவாயோ சிற்றலையிலிருந்து. இம்முரணே உலகெங்கும் அலைமின் ஆராய்ச்சியின் முதுகெலும்பை வளைத்தது.

விழிஞத்தில் இம்முரணோடு பருவக்காற்றும் சேர்ந்துகொண்டது. தென்மேற்குப் பருவத்தில் அலை மிகுதி. அப்போது நிலையத்தை அணுகிப் பழுது பார்த்தல் கடினம். கடல் அடங்கிய மாதங்களில் அணுகலாம். அப்போது மின்சாரம் குறைவு. வெல்ஸ் சுழலி குறிப்பிட்ட காற்று வேகத்தில்தான் நன்கு உழைக்கும். அவ்வேகத்தை மீறினால் தடுமாறும். அலையோ நொடிக்கு நொடி மாறுவது. மின் கட்டமைப்போடு இணைந்த அத்தகைய மின்னாக்கி, அலை தாழ்ந்த வேளையில் கொடுப்பதை விட்டுக் கட்டமைப்பிலிருந்தே மின்சாரத்தை இழுக்கும் தன்மையது. உப்புக்காற்று இரும்பை அரிப்பதைக் கூறவே வேண்டியதில்லை.

ஆராய்ச்சியாளர் இவற்றைக் கண்டு கைகட்டியிருக்கவில்லை. 1993இல் சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. ரவீந்திரனே அதன் முதல் இயக்குநரானார். அக்கழகம் விழிஞத்து ஆய்வைத் தொடர்ந்து நடத்தியது. வேறு வகைச் சுழலிகளும் சோதிக்கப்பட்டன. 2004இல் அவர்கள் நோக்கத்தையே மாற்றினார்கள். நிலையற்ற அலைமின்சாரத்தைக் கட்டமைப்புக்கு அனுப்பாமல், அதனைக் கொண்டு கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நன்னீர் பிரித்தெடுக்க முற்பட்டனர். மின்சாரத்தைச் சேமித்து வைப்பது கடினம். குடிநீரைத் தொட்டியில் சேமித்து வைப்பது எளிது. அலை ஓங்கும்போது நிரப்பி, தாழும்போது பயன்படுத்தலாம். இருபதாண்டு அனுபவத்திலிருந்து பிறந்த நல்ல சிந்தனை இது. என் வாசிப்புப் பகுதியில் இதற்கு ஒரு வரியும் இல்லை. 1991ஆம் ஆண்டு நறுக்கில் அஃது எவ்வாறு இருக்கும்? 2011இல் நிலையம் மூடப்பட்டது. இன்று விழிஞம் என்றால் உலகம் அறிவது, 2025 மே மாதத்தில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட பெரிய சரக்குத் துறைமுகத்தையே.

தோல்வியா?

இவ்வரலாற்றை ஓய்வறையில் கூறியபோது உடனாசிரியர் ஒருவர் மறுத்துரைத்தார். “இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா, ஐயா? நம்மவர் தொடங்கியது நின்றுபோயிற்று என்றால் அவர்கள் மனம் தளராதா? தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊக்கம்தானே முதலில் வேண்டும்?” என்றார். அவர் கூற்றில் அன்பு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் “உன்னால் ஆகாது” என்று சொல்ல உலகம் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. நாமும் ஏன் ஒன்று கூட்ட வேண்டும் என்பது அவர் கவலை. இக்கவலையை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

எனினும் உண்மையை முழுமையாகப் பார்த்தால் அக்கவலைக்கு அடிப்படை இல்லை. நார்வே நாட்டார் 1985இல் அமைத்த 500 கிலோவாட் நீர்த்தம்ப நிலையத்தை 1988ஆம் ஆண்டுப் புயல் பெயர்த்தெறிந்தது. போர்த்துக்கல் கடலில் 2008இல் மிதக்கவிட்ட மூன்று பாம்பு வடிவப் பொறிகள் சில மாதங்களிலேயே கரைக்கு இழுக்கப்பட்டன. அவற்றைச் செய்த ஸ்காத்துலாந்து நிறுவனம் 2014இல் நொடித்துப்போயிற்று. ஸ்காத்துலாந்தின் ஐலே தீவில் 2000இல் தொடங்கிய நிலையம் பத்தாண்டுக்கு மேல் உழைத்து ஓய்ந்தது. செல்வமும் தொழில்வன்மையும் மிக்க நாடுகளின் கதி இது. இவற்றோடு வைத்து நோக்கின், அலைகளுக்கு நடுவே இருபதாண்டுகள் ஓர் ஆய்வுக்கூடமாய் நின்ற விழிஞத்துப் பேழை தலைகுனிய வேண்டியதொன்றன்று. முடிவை மறைப்பதனால்தான், “நம்மவர் செய்தது மட்டும் நின்றது” என்னும் பொய்யான தாழ்வு வளர்கிறது.

எந்தப் படைப்பையும் அதன் நோக்கத்தோடு பொருத்தி மதிப்பிடுதல் திறனாய்வின் முதல் விதி. விழிஞத்து நிலையத்தைச் செலவுக்கேற்ற மின்சாரம் தந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. ஓர் ஆராய்ச்சியாக, அறியாதவற்றை அறியச் செய்ததா என்று கேட்டால், ஆம் என்று தயங்காமல் கூறலாம். எத்தகைய சுழலி ஏற்றது, பேழையை எப்படி நிறுத்துவது, அலைமின்சாரத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பனவெல்லாம் ஏட்டிலிருந்து மட்டும் கிடைப்பன அல்ல. அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே அறைகளைக் கட்டிவிட்டால் சுவரின் செலவும் நிலையத்தின் செலவும் ஒன்றாகும் என்பது இத்துறையினர் அனைவரும் உணர்ந்த பாடம். எசுப்பானிய நாட்டு முத்ரிக்கு ஊரில் 2011இல் தொடங்கிய, பதினாறு அறைகள் கொண்ட 296 கிலோவாட் நிலையம் அவ்வாறு கட்டப்பட்டதே. விழிஞம் மூடப்பட்ட அதே ஆண்டில் அது திறக்கப்பட்டது என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

இன்றைய செய்திக்கும் இதே உரைகல்

பழைய நறுக்கைத் திருத்துவதோடு நம் கடமை முடியவில்லை. 2022 நவம்பரில், அதே சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தார், தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், 20 மீட்டர் ஆழமுள்ள கடலில் ‘சிந்துஜா 1’ என்னும் மிதவைப் பொறியைச் சோதித்தனர். பேராசிரியர் அப்துஸ் சமதின் தலைமையில் நடந்த இவ்வாய்வில் கிடைத்தது 100 வாட். இதனைச் சிலர் கடலலையிலிருந்து முதன்முதலாக மின்சாரம் பிறந்ததுபோல் வியந்து பேசக் கேட்டேன். முப்பத்தோராண்டுகளுக்கு முன் அதே கழகம் அமைத்த 150 கிலோவாட் நிலையத்தை அவர்கள் அறியார். அறிந்திருந்தால், “அன்று அவ்வளவு பெரிதாய்த் தொடங்கியவர்கள் இன்று ஏன் இவ்வளவு சிறிதாய்த் தொடங்குகிறார்கள்?” என்னும் வினா எழுந்திருக்கும். கரையோரத்தில் அசையாமல் நிற்கும் பேழை ஒருவகை. ஆழ்கடலில் அலையோடு அசையும் மிதவை வேறுவகை. புதிய வகையைச் சிற்றளவில் சோதித்துப் பின்னர்ப் பெருக்குவது அறிவுடைய முறை. கடலில் தனித்து நிற்கும் கருவிகளுக்கும் வழிகாட்டி மிதவைகளுக்கும் சிறு அளவு மின்சாரமே போதுமாதலால், 100 வாட் என்பதும் இகழத்தக்கதன்று. இவ்விளக்கம் இல்லாத பாராட்டு, 1991ஆம் ஆண்டு நறுக்கு செய்த வேலையையே இன்னொரு தலைமுறைக்கும் செய்யும்.

நம் மலேசிய நாட்டை நோக்கினும் இத்தெளிவு வேண்டப்படுகிறது. மலாக்கா நீரிணைக்குச் சுமத்திரா தீவு அரணாக நிற்பதால், அங்கே அலை சிறிது. கிழக்குக்கரையில் வடகிழக்குப் பருவத்தில் அலை ஓங்குகிறது; மற்ற மாதங்களில் அடங்குகிறது. “கடல் சூழ்ந்த நாடு நம் நாடு, ஆதலின் அலைமின்சாரம் குறைவின்றிக் கிடைக்கும்” என்று ஒரு மாணவன் கட்டுரை எழுதினால், அதற்கு நல்ல மதிப்பெண் இடுவதற்கு முன் எந்தக் கடல், எந்த மாதம் என்று கேட்க வேண்டும்.

முடிவுரை

எம் பிள்ளைகளுக்குக் கடல் தொலைவு; ரிங்லெட் ஏரி அண்மை. 1960களில் அணை கட்டி நீர் தேக்கியபோது அதுவும் பெருமிதத்தோடு கொண்டாடப்பட்டது. அதன்பின் மலைச்சரிவுகள் வேளாண்மைக்காகத் திருத்தப்பட்டன. மழை மண்ணைக் கரைத்து ஏரியில் சேர்த்தது. தூர் வாரும் பொறிகளைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் காண்கிறார்கள். திறப்பு விழாவோடு எந்தக் கட்டுமானத்தின் கதையும் முடிவதில்லை என்பதை அவர்கள் கண்ணால் கண்டு அறிவார்கள். அதனை ஏட்டில் மறைத்தது நாம்தான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் வாசிப்புப் பகுதி எதுவாயினும், வகுப்பில் வைப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்: சொல் ஒரு பொருளையே குறிக்கிறதா? எண் உச்ச அளவா, கிடைத்த அளவா? செய்தி எந்த ஆண்டினது, அதன் பின் என்ன நிகழ்ந்தது? இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு மாலை நேரம் போதும்.

என் பகுதியை இப்போது இவ்வாறு மாற்றியிருக்கிறேன்: “காற்று கடலில் அலையை எழுப்புகிறது. அலையின் ஆற்றலை மின்சாரமாக மாற்றலாம். 1991இல் விழிஞத்தில் 150 கிலோவாட் கொள்திறனுள்ள ஆய்வு நிலையம் அமைந்தது. ஆண்டு முழுவதும் அலை ஒரே அளவில் இல்லாததால் மின்சாரம் கூடியும் குறைந்தும் கிடைத்தது. 2004இல் அதனைக் கொண்டு கடல்நீரிலிருந்து நன்னீர் எடுத்துப் பார்த்தார்கள். 2011இல் நிலையம் நிறுத்தப்பட்டது. 2022இல் தூத்துக்குடிக் கடலில் வேறுவகைப் பொறியைச் சிறிய அளவில் சோதித்தார்கள். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.” பழையதைவிட இது குறுகியது; உண்மை கூடுதலாக உடையது.

வினா எழுப்பிய மாணவிக்கு மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னும் விடை கூறினேன்: “அந்த மின்சாரம் இப்போது எந்த வீட்டுக்கும் போகவில்லை, அம்மா. நான் தவறாகக் கற்பித்துவிட்டேன்.” அவள் சற்றே எண்ணிப் பார்த்து, “அப்படியென்றால் இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லையா, ஐயா?” என்றாள். அவள் முகத்தில் தளர்ச்சி இல்லை. உடனாசிரியரின் கவலைக்கு அதனினும் சிறந்த மறுமொழி எனக்குத் தெரியவில்லை.